கோழியைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் செல்லக்கோழி செவ்வந்திக்கு நான்கு வயது. நான்கு நாள்களாகச் சரியாகத் தீனி எடுக்கவில்லை. கழுத்துக்குக் கீழே பந்துபோல் வீங்கியிருக்கிறது, வாயில் புளித்த வாடை. சோறும் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த ரொட்டியும் ஊட்டிப் பார்த்தேன். மாமியார் சின்ன வெங்காயச் சாற்றில் மிளகு கலந்து புகட்டினார், வீக்கத்தில் கோடாலித் தைலம் தடவினார். தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார். நான் பல் பிடுங்கியபோது கொடுத்த ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறது, பாதி மாத்திரை கொடுக்கலாமா? கணவரோ, ‘ஒரு கோழிக்கு டாக்டரா? தேக்கா சந்தையில் போய் வேறு வாங்கிக்கொள்’ என்று சிரிக்கிறார். இரவெல்லாம் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன செய்வது? வீட்டில் இன்னும் இரண்டு கோழிகள் உண்டு.
– ஒரு வாசகி, சிலேத்தார், சிங்கப்பூர்

பதில்: கோழியைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள். மாமியாரையும் பிடிக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அதில் அழுகை இருக்கிறது, கோபம் இருக்கிறது, யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. எச்சம் என்ன நிறம் என்று ஒரு வரி இல்லை. கடைசியாக முட்டையிட்டது எப்போது, காலையில் அந்த வீக்கம் எப்படி இருக்கிறது, எடை குறைந்திருக்கிறதா, எதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி வைத்தியம் பார்க்கிறீர்கள், கோழியை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பந்து தீனிப்பை. கோழி கொத்தியது முதலில் அங்கேதான் தங்கி ஊறும். இரவில் கோழி தின்னாது, அதனால் விடியற்காலையில் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். நாளைக் காலை தீனி வைப்பதற்கு முன் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிசைந்த சப்பாத்தி மாவுபோல் இறுகியிருந்தால் நீளப் புல்லோ நூலோ அடைத்திருக்கலாம். தண்ணீர் நிரப்பிய பலூன்போல் தளதளவென்று இருந்து, வாயும் புளித்து நாறினால், உள்ளே தீனி நொதித்துப்போயிருக்கிறது. பெரும்பாலும் கேண்டிடா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை அது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப்போலத்தான் தெரிகிறது.

அப்படியானால் உங்கள் ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்? பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று அதற்கு இடம் விட்டுக் கொடுக்கும். சோறு, ரொட்டி, சர்க்கரை மூன்றும் அந்தப் பூஞ்சைக்கு விருந்து. நிறுத்துங்கள். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் மட்டும் வைத்து, நாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நான்கு நாள் பட்டினி கிடந்த பறவைக்கு இனி என்ன தீனி, எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும். தீனிப்பை புளிப்பது பல நேரங்களில் வேறொரு கோளாறின் அறிகுறி. நான்கு வயதுக் கோழிக்கு முட்டைப்பாதையில் தொற்று இருக்கலாம், வயிற்றில் கட்டி இருக்கலாம். கோழிகளுக்குச் சினைப்பைப் புற்றுநோய் தானாகவே வருவதுண்டு. அதை நானும் நீங்களும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அந்தத் தலைகீழ் வைத்தியம். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நாங்கள் செம்பவாங்கில் கம்பத்து (கிராமத்து) வீட்டில் இருந்தோம். ஒரு கருப்புப் பெட்டை சுருண்டு கிடந்தது. பாட்டி அலகைப் பிளந்து பிடிக்க, நான்தான் தம்பிக்குப் பால் புகட்டும் சங்கில் மிளகுச்சாறு எடுத்து ஊற்றினேன். இரண்டு முறை தும்மியது. மூக்குத் துளையில் ஒரு குமிழி வந்து உடைந்தது. கால்களை நீட்டிவிட்டது. பாட்டி ‘விதி’ என்றார், பல ஆண்டுகள் நானும் நம்பினேன். பிறகு ஒரு கால்நடை மருத்துவர் ஒரு சேவலின் வாயைத் திறந்து காட்டினார்: நாக்கின் வேர்ப்பக்கத்தில், நட்டநடுவில், திறந்து மூடும் ஒரு சின்ன ஓட்டை. அதுதான் மூச்சுக்குழல் வாசல். ஊற்றுவது அதற்குள் போனால் நுரையீரலுக்குத்தான் போகும். தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் வெளியே வருவதும் அதே வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். விதி இல்லை, சங்கு.

எதையும் புகட்டாதீர்கள். தண்ணீர் குடிக்கவே இல்லை என்றால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது தானாக விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த சொட்டு. மாமியாரின் வெங்காய மிளகு வைத்தியம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிக்குக் கொடுப்பது. அது வைரஸ் நோய். வருமுன் தடுப்பூசி போடலாம், வந்தபின் அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தீனிப்பைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தைலத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நமக்குத் தலைவலி போக்கும் கற்பூர நெடியைப் பறவையின் நுரையீரல் தாங்காது. கோழியைச் சமையலறையில் வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

மடியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனம் புரிகிறது. ஆனால் பறவைக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்கும் தசைத்தடுப்பு, கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. துண்டை இறுக்கிச் சுற்றினால் அந்த அசைவு நின்றுவிடும். அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரித்து, இருட்டான மூலையில், மற்ற இரண்டு கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள் என்று சூட்டு விளக்கு வாங்கிவிடாதீர்கள். நம் ஊரில் பிற்பகல் வெயிலே 32 டிகிரியைத் தொடுகிறது. ஏசியும் விசிறியும் நேராகப் படாமல் இருந்தால் பகலில் போதும். இரவில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கமாக வையுங்கள், வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ளட்டும். அலகைத் திறந்து இரைத்து, சிறகைத் தள்ளி வைத்துக்கொண்டால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

துண்டை மாற்றும்போது எச்சத்தைப் படம் எடுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம், வேறொன்றில் தினம் காலையில் எடை போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி கோழியிடமிருந்து நமக்கு வரும்.

மற்ற இரண்டில் ஒன்று திடீரென்று செத்தால் விஷயமே வேறு. புதைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தரைவீட்டில் 10 கோழிவரை வளர்க்க விடுபவர்கள், காட்டுப்பறவை நுழையாதபடி வலையடித்த கூடு வேண்டும் என்று கேட்பது பறவைக் காய்ச்சலுக்குப் பயந்துதான். (இதைப் படித்துவிட்டு அடுக்குமாடி வாசகர்கள் ஆசைப்பட வேண்டாம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் கோழிக்கு அனுமதி இல்லை.)

கணவருக்கு ஒரு பதில். தேக்காவில் கிடைப்பது கறி. அதற்கு நான்கு வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற பழக்கம் கிடையாது. 2017இல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றபோது, யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கோழிகளுக்காக எத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது அவருக்கு மறந்திருக்கலாம். ஆனால் செலவைப் பற்றி அவர் கவலைப்படுவது தப்பில்லை. முன்பே தொலைபேசியில் கேளுங்கள்: கோழி பார்ப்பீர்களா, பரிசோதனைக்கு எவ்வளவு, ஸ்கேன் எடுத்தால் எவ்வளவு. பல மருத்துவமனைகள் நாயும் பூனையும் மட்டுமே பார்க்கும், சும்மா அலைய வேண்டாம். கட்டி என்று சொல்லி, ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், மாமியாரிடம் இன்னொரு கைவைத்தியம் கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

பெட்டியில் காற்றோட்டத்துக்கு நாலு ஓட்டை போடுங்கள். காரில் ஏசியைக் குறைத்து வைக்கக் கணவரிடம் சொல்லுங்கள், எப்படியும் ஓட்டப்போவது அவர்தான்.