ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் என் மகனுக்குப் பிடித்த பிட்சர் பந்து எறிவாரா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். 11 வயது மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். ஜூலையில், எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் கூடி ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி நச்சரிக்கிறான். டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அவனுக்குப் பிடித்தவர் ஒரு பிட்சர், அதாவது பந்து எறிபவர். அணியில் தேர்வாகிவிட்டார் என்றால் அவர் ஆடுவதைக் கட்டாயம் பார்க்க முடியுமா?

பதில்: பேட்டராக இருந்தால் துணிந்து வாங்கச் சொல்லியிருப்பேன். பிட்சர் என்பதால் கொஞ்சம் பொறுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, அணியில் பெயர் வந்தால் ஆள் களத்தில் நிற்பார் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே கணக்கு வேறு. பெரிய அணிகள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டாகப் பிரிந்திருக்கின்றன; இந்த ஆட்டத்தில் மோதுவது அந்த இரண்டும்தான். இரண்டுக்கும் தலா 32 பேர். 30 அணிகளிலிருந்தும் குறைந்தது ஒருவராவது தேர்வாக வேண்டும் என்பது விதி. இத்தனை பேருக்கும் ஒன்பது இன்னிங்ஸுக்குள் (இரு தரப்பும் ஒவ்வொரு முறை பேட் பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்) இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

லீக் ஆட்டங்கள் ஞாயிறு வரை நடக்கும். ஆல்-ஸ்டார் ஆட்டம் செவ்வாய் இரவு. முதல் இன்னிங்ஸிலிருந்து எறியும் பிட்சர் ஒரு முறை எறிந்தால் அடுத்த முறைக்கு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். ஆகவே ஞாயிறன்று தன் அணிக்காக எறிந்தவர் செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் எறியமாட்டார். அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துவிடுவார்கள். உங்கள் மகனின் நாயகனுக்கு அந்த ஞாயிறு முறை வருகிறதா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது.

முறை வராவிட்டாலும் ஒரு இன்னிங்ஸுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 1934இல் நியூயார்க்கில் கார்ல் ஹப்பல் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். பேப் ரூத் தொடங்கி ஐந்து பெரும் பேட்டர்களை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தது, அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றியது, அன்றுதான். 1999இல் பாஸ்டனில் பெட்ரோ மார்டினஸ் எறிந்தது இரண்டு இன்னிங்ஸ். 2024, 2025 இரண்டு ஆண்டும் நேஷனல் லீகுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய பால் ஸ்கீன்ஸ் இரண்டு முறையும் ஒரே இன்னிங்ஸோடு முடித்துக்கொண்டார். ஆட்டத்தில் அணியை நடத்தும் மேனேஜர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போனவர் நிலைதான் அவர்களுக்கு. கையில் இருப்பது அடுத்த அணியின் பிட்சர். தோளில் ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல முடியாது. ஆட்டத்தின் முடிவும் எந்தப் பட்டியலிலும் சேராது. 2002இல் மில்வாக்கியில் இரு தரப்பிலும் பிட்சர்கள் தீர்ந்துபோய், 11 இன்னிங்ஸில் 7-7 என்று சமனாக நிறுத்தியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அதனால் 2003 முதல் 2016 வரை, ஜெயிக்கும் லீகுக்கே ஆண்டிறுதிச் சாம்பியன் போட்டியான உலகத் தொடரில் சொந்த மைதான வசதி என்று வைத்துப் பார்த்தார்கள். கண்காட்சி ஆட்டத்தில் இவ்வளவு பெரிய பரிசைக் கட்டியது அசட்டுத்தனம் என்பேன், கைவிட்டது நல்லது.

பேட்டர்கள் விஷயம் சற்றுத் தேவலை. ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் இன்னிங்ஸிலேயே இறங்கிவிடுவார்கள். ஆனால் இரண்டு முறை பேட் பிடித்ததும், ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் பலரும் வெளியேறுவார்கள். பேஸ்பாலில் வெளியே போனவர் திரும்பி வர முடியாது. தாமதமாக வந்து தின்பண்ட வரிசையில் நின்றீர்களானால், பெரிய பெயர்களை உள்ளே இருக்கும் டி.வி.யில்தான் பார்ப்பீர்கள்.

அதற்காகப் பின்பாதி வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2025இல் அட்லாண்டாவில் 6-0 என்று முன்னிலையில் இருந்த நேஷனல் லீகை, அமெரிக்கன் லீக் ஒன்பதாவது இன்னிங்ஸில் 6-6 என்று பிடித்தது. கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது. தரப்புக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று மட்டை வீச்சு, யார் அதிக ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல வேலிக்கு வெளியே போகும் அடி) அடிக்கிறார்கள் என்ற போட்டி. பெரிய நட்சத்திரங்களான ஓட்டானியும் ஜட்ஜும் எப்போதோ வெளியேறியிருந்தார்கள். ஆட்டத்தில் ஒரு ஹிட் கூட அடிக்காத கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சிலும் மூன்று ஹோம் ரன் அடித்தார். நேஷனல் லீக் 4-3 என்று ஜெயித்தது; சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். ஞாயிறு மாலை வரை டிக்கெட் வாங்காமல் இருங்கள். உங்கள் பிட்சர்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்று அறிவிப்பு வந்தால் மட்டும் யோசியுங்கள். ஆட்ட முடிவைப் பற்றிக் கவலையில்லை, கூட்டமும் கொண்டாட்டமும் போதும் என்றால் திங்கட்கிழமை நடக்கும் ஹோம் ரன் டெர்பியே (பேட்டர்கள் ஹோம் ரன் அடிக்கும் போட்டி) பையனுக்கு அதிகம் பிடிக்கும். ஆனால் அங்கே அவன் நாயகனுக்கு வேலை இல்லை.

என்னைக் கேட்டால், ஆகஸ்டில் ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். யார் என்றைக்கு எறியப்போகிறார் என்று அணிகள் சில நாள் முன்பே சொல்லிவிடும். செலவு குறைவு, ஐந்தாறு இன்னிங்ஸ் அவரைப் பார்க்கலாம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், புல்பென் என்று அழைக்கப்படும் பயிற்சி மூலைக்குப் பக்கத்தில் பையனை நிறுத்துங்கள். பல மைதானங்களில் கம்பிக்கு அந்தப்பக்கம் சில அடி தூரத்தில் பிட்சர் கையைச் சூடேற்றிக்கொண்டிருப்பார். எறிந்த பந்து, அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் அறைந்து விழும் சத்தம் டி.வி.யில் கேட்கும் சத்தம் அல்ல.