ரோபோட்டிக்ஸ் வகுப்பு வேண்டாம், அந்தப் பறவை நோட்டைக் கொடுங்கள்

அம்மா, "கல்லூரி விண்ணப்பத்தில் எழுத என் பெண்ணிடம் ஒன்றுமே இல்லை, எந்நேரமும் பறவை பார்த்துக்கொண்டு நிற்கிறாள்" என்று கவலைப்பட்டீர்கள். அவசரமாக ரோபோட்டிக்ஸில் சேர்க்கலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம்.

அவளுடைய நோட்டை நேற்று புரட்டினேன். மூன்று வருடக் குறிப்புகள். ஒரு பக்கத்தில் "வல்லூறு" என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறாள். பக்கத்திலேயே வேறு மையில், "அலகு வளையவில்லை. இது குயில் இனம்." தேதி பார்த்தேன், இரண்டு வாரம் கழித்து எழுதியது. யாரும் கேட்காமலே தன் தவறைத் தேடித் திருத்தியிருக்கிறாள். எனக்கு அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை. கடைசி நேரத்தில் வாங்கும் எந்தச் சான்றிதழும் இதைச் சொல்லாது.

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கும் கல்லூரியில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே படிப்புதான்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குமான பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் 10 செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துதான். அதில் "பறவைகள் என்றால் உயிர்" என்று எழுதினால் இடம் வீண். எத்தனை காலை போனாள், எத்தனை இனம் பதிந்தாள், எதைத் திருத்தினாள் என்று எழுதட்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். நோட்டிலிருந்து எண்ணிப் போடுங்கள், மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். நேர்காணலில் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் வேறு மாதிரி. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்து. வகுப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானாய் என்பது மூன்றாவது. அங்கே பொழுதுபோக்கு படிப்போடு ஒட்ட வேண்டும். உயிரியலுக்குப் பறவையே பேசும். புள்ளியியல் என்றால் அவள் எண்ணிய முறையைப் பற்றி எழுதட்டும்.

இன்னொன்று, அவளுக்கு விருப்பமிருந்தால் மட்டும்: 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் தன் பதிவுகளை ஏற்றலாம். ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் தரவு அது. நோட்டில் கிடப்பது நாலு பேருக்குப் பயன்படும்.

இந்த வாரம் கட்டுரை எழுதச் சொல்லி நெருக்காதீர்கள். அந்தக் குயில் கதையை உங்களிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் ஃபோனில் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள். கட்டுரையை அதிலிருந்து தொடங்குவோம்.