கோழி சிறுநீர் கழிக்காதா?

"ஆடு, மாடு எல்லாம் சிறுநீர் கழிக்கின்றன, கோழி மட்டும் ஏன் கழிப்பதில்லை?" என்பது கேள்வி.

கழிக்கத்தான் செய்கிறது. தண்ணியாக வராததால் நம் கண்ணில் படுவதில்லை. கோழி எச்சத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ திரண்டிருப்பது குடலிலிருந்து வந்தது. அதன்மேல் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் சிறுநீர். இரண்டுக்கும் வெளியே வர ஒரே வழி. சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் நுனியில் உள்ள வெள்ளைப் பொட்டும் இதே சமாச்சாரம்தான்.

தின்ற புரதம் உடம்பில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு, தங்கவிடக் கூடாது. கண்மாயில் கிடக்கும் கெண்டைக்கு இதில் கவலையே இல்லை, செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். அதன் பாடு வேறு: சுற்றியிருக்கும் நன்னீர் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் ஓயாமல் நீர்த்த சிறுநீரை வெளியே தள்ளியாக வேண்டும்.

தரையில் வாழும் ஆட்டுக்கும் நமக்கும் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிவிடுகிறது. நஞ்சு குறைவு, கொஞ்ச நீரிலேயே கரைந்து போய்விடும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகின்றன. மீதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் மஞ்சளாகப் போகிறதே, அது சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடிப்பதால்தான்.

எங்கள் மேலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள், அதாவது ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். புழுக்கைக்காக மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. ராத்திரி முழுக்க மண்ணில் இறங்கும் மூத்திரத்துக்கும் சேர்த்துத்தான் வயல்காரர் காசு கொடுக்கிறார். மூட்டையில் வாங்கும் யூரியாவும் இந்த யூரியாவும் ஒரே பொருள்.

சரி, கோழிக்கு வருவோம். அது இன்னும் ஒரு படி மேலே போய் யூரிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்குச் சக்தி கூடுதலாகச் செலவாகும். ஆனால் யூரிக் அமிலம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அந்த வெள்ளைக் களிம்பாகவே வெளியேற்றிவிடலாம். இதன் அருமை முட்டைக்குள்தான் தெரியும். ஓட்டுக்குள் மூன்று வாரம் அடைபட்டுக் கிடக்கும் குஞ்சு, கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அம்மோனியாவாக இருந்தால் அதிலேயே செத்துவிடும். யூரிக் அமிலமோ கரையாமல் ஓர் ஓரமாகப் படிந்து கிடக்கும், குஞ்சுக்குக் கெடுதல் இல்லை.

எச்சமும் சிறுநீரும் சேர்ந்தே வருவதில் நெருப்புக்கோழி ஒரு விதிவிலக்கு. அது சிறுநீரைத் தனியாகவே விடும்.

கோழிப்பண்ணைக்குள் நுழைந்ததும் கண் எரியக் காரணமும் இந்த வெள்ளைதான். ஈரம் பட்டால் நுண்ணுயிரிகள் யூரிக் அமிலத்தைச் சிதைத்து மறுபடி அம்மோனியா ஆக்கிவிடும். பச்சைக் கோழி எருவை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகுவதும் பெரும்பாலும் அதனால்தான். மல்லிகைக்குப் போடுவதாக இருந்தால் நன்றாக மட்கவிட்டுப் போடுங்கள்.