மிச்சம் வைத்த வெள்ளை

கேள்வி: சீன மலை ஓவியங்களில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கிறதே, வரைந்தவருக்குப் பொறுமை இல்லையா? வண்ணத்தையும் காணோம்!

பதில்: பொறுமை இல்லாதவர் முதலில் மையே தயாரிக்க முடியாது. கரிப்புகையையும் பசையையும் சேர்த்துச் செய்த மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு, சந்தனம் போல இழைக்க வேண்டும். நீர் கூடக் கூட அதே கறுப்பு சாம்பலாகும், புகையாகும். வண்ணம் அதற்குள்ளேயே இருக்கிறது. நானும் ஒருமுறை ஆசைப்பட்டு ‘சுவான்’ என்ற சீன ஓவியக் காகிதத்தில் தூரிகையை வைத்தேன். மலை வரவில்லை, கறைதான் வந்தது. ஒரு கணம் தயங்கினாலும் மை ஊறிப் பரவிவிடுகிறது. அழிக்க வழியே இல்லை.

வெறுமை என்கிறீர்களே, அது மூடுபனி. சுமார் 1000ஆம் ஆண்டில் ஃபான் குவான் என்ற சீன ஓவியர் பட்டில் தீட்டிய மலையைப் பாருங்கள். 2 மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரம். மேலே பிரம்மாண்டமான பாறை, இடுக்கில் நூல் போல ஓர் அருவி, பாறைக்குக் கீழே வெளிறிய பனி. அந்த வெளிறல் இல்லாவிட்டால் மலை நம் தலையில் விழுந்திருக்கும்! கீழே வலது பக்கம் எறும்பு மாதிரி ஒரு பொதிக்கழுதைக் கூட்டம். அதன் அருகே இலைகளுக்குள் ஓவியர் தன் பெயரை எழுதி ஒளித்திருந்தார். இந்த ஓவியம் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரைக் கண்டுபிடித்தது 1958இல்தான்.