இங்கிலாந்தின் பழைய கூட்ஸ், பார்சல் பெட்டிகளில் பார்க்க என்ன இருக்கிறது? நீராவி எஞ்சினை மட்டும் பார்த்தால் போதாதா?

கேட்டவர் அநேகமாகப் பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வருகிறவர். ஒருநாள் "ஸ்டீம் ரயில்" என்று எங்காவது கூட்டிப் போகப் போகிறார்கள். ஓரத்து லைனில் நிற்கும் மரப்பெட்டிகளுக்கும் நேரம் ஒதுக்கணுமா என்பது கேள்வி. நான் கென்ட்டில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அப்படி ஒரு பார்சல் வேனின் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் தன்னார்வலர்களில் ஒருவன். ஆகவே நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

போன வருஷம் என் சகலை வந்திருந்தார். எஞ்சின் முன்னால் நின்று போட்டோவாக எடுத்துத் தள்ளிவிட்டு, நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். "என்ன சகலை, இந்த மாட்டுக் கொட்டகைக்காகவா வாராவாரம் ஓடி வர்றீங்க?" என்றார், கூட இருந்த வெள்ளைக்காரப் பெரியவர்களுக்குத் தமிழ் தெரியாத தைரியத்தில். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே அவரை டிட்காட் என்ற ஊரில் இருக்கும் பழைய ரயில் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனேன்.

அங்கே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் சைஃபன் ஜி என்ற பால் வேன் இருக்கிறது. பக்கப் பலகைகளில் இடுக்கு விட்டிருப்பார்கள். "மழைத்தண்ணி உள்ள வராதா?" என்றார். காற்று வரத்தான் அந்த இடுக்கு. ஓடுகிற ரயிலின் காற்றுதான் பால் கேன்களுக்கு ஃப்ரிட்ஜ். மேற்குச் சீமையில் கறந்த பால் அப்படித்தான் லண்டனுக்குப் போனது. 1927-இல் உள்ளே கண்ணாடி பூசிய பால் டேங்கர்கள் வந்ததும் கேன்கள் மெல்லக் குறைந்தன. சைஃபன்கள் செய்தித்தாள், பார்சல் ஏற்றப் போய்விட்டன. வாழைப்பழ வேன் இதற்கு நேர்மாறு. காய் கப்பலிலிருந்து பச்சையாக இறங்கும். குளிரில் கெட்டுவிடக் கூடாதென்று எஞ்சினிலிருந்தே குழாய் வழியாக நீராவி விட்டுச் சூடாக்குவார்கள். உள்ளே ஏற்றும் சரக்குக்குத் தகுந்தாற்போல் பெட்டியைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. எஞ்சின் எதையும் இழுக்கும். அந்த நாட்டுக்காரன் என்ன தின்றான், என்ன குடித்தான் என்று பெட்டிதான் சொல்லும்.

பந்தயப் புறாக்கள்கூட ரயிலில் போயிருக்கின்றன. கூடை கூடையாக ஏற்றித் தொலைதூர ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். அங்குள்ள போர்ட்டர் கூடையைத் திறந்துவிட்டு, பறந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக் காலிக்கூடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சகலை முதன்முறையாகச் சிரித்தது இதற்குத்தான்.

கார்டின் பிரேக் வேனையும் காட்டினேன். பழைய பிரிட்டிஷ் கூட்ஸ் வண்டிகள் பலவற்றில், டிரைவர் பிரேக் போட்டால் எஞ்சினும், அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரும்தான் பிடிக்கும். வேகன்கள் வெறும் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். இறக்கத்தில் அவை ஒன்றோடொன்று மோதாமல், சங்கிலி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கடைசி வேனில் கைச்சக்கரத்தைச் சுற்றும் கார்டின் பொறுப்பு.

உடனே "வெள்ளைக்காரன் நம்ம நாட்டைச் சுரண்டினான், நீ அவன் பெட்டியைச் சுரண்டுறியா?" என்று ஒருவர் வருவார். வாருங்கள். நான் துதி பாடவில்லை. பால் எப்படிப் போனது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். படங்கள் எல்லாம் தயார் செய்து போனேன். புறாக்கூடைக்கே இன்னும் வரவில்லை, "அண்ணா, ராஃபிள் குலுக்கணும்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். முதல் பரிசு ஒரு ஏர் ஃப்ரையர். ஏர் ஃப்ரையருக்கு மட்டும் இருபது நிமிஷம் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு பெட்டிதான் பார்க்க முடியும் என்றால் கெவல் வேனைப் பாருங்கள். பழைய ரயில்களை ஓட்டிக் காட்டும் கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் ரயில்வேயின் வேன் அது; வழக்கமாக போடியம் ஸ்டேஷனில் நிற்கும். 1919-இல் ஆஷ்ஃபோர்டு பணிமனையில் கட்டிய சாதாரண லக்கேஜ் வேன். முதல் உலகப் போரின்போது பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியர் சுட்டுக்கொன்ற பிரிட்டிஷ் நர்ஸ் எடித் கெவலின் உடல் அந்த வருஷம் மே மாதம் டோவரிலிருந்து லண்டனுக்கு வந்தது இதில்தான். ஜூலையில் கேப்டன் சார்லஸ் ஃபிரையாட்டின் உடல். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைத் தன் கப்பலால் மோத முயன்றதற்காக ஜெர்மானியரால் கொல்லப்பட்டவர் அவர். ஓட்டிய கப்பலும் ஒரு ரயில்வே கம்பெனியுடையதுதான். பிறகு 1920 நவம்பர் 10 அன்று, அந்தப் போரில் இறந்த எல்லாருக்கும் அடையாளமாக லண்டனில் அடக்கம் செய்யக் கொண்டுவந்த, பெயர் தெரியாத ஒரு போர்வீரனின் உடல். வழியில் காத்திருந்தவர்கள் இருட்டில் அடையாளம் காணட்டும் என்று வேனின் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். இரவு 8:32-க்கு லண்டன் விக்டோரியா ஸ்டேஷனின் 8-ஆம் பிளாட்ஃபாரத்துக்கு வந்து சேர்ந்தது.

"இவ்வளவு பெரிய மனுஷங்களுக்கு லக்கேஜ் பெட்டியா?" என்று சகலை கேட்டார். அதற்கு மேல் என்ன சொல்ல? அந்த வேலை முடிந்ததும் அது மறுபடி லக்கேஜ் ஏற்றத்தான் போனது. பல பத்தாண்டு உழைத்தபின் 2010-இல்தான் புதுப்பித்தார்கள்.

டிட்காட்டுக்கு லண்டன் பேடிங்டனிலிருந்து நேர் ரயில் உண்டு, இறங்கினால் ஸ்டேஷனை ஒட்டியே இடம். போடியத்துக்கு டென்டர்டனில் ஏறினால் பழைய ரயிலிலேயே போகலாம், பக்கத்தில் கோட்டையும் இருக்கிறது. நினைவு நிகழ்ச்சிகளுக்காக வேனைச் சில சமயம் வெளியே கொண்டுபோவார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.