247 எழுத்தையும் வரைய வேண்டுமா?

கேள்வி: சென்னை பாரிமுனை டேர் ஹவுஸ் போன்ற 1940-களின் பழைய கட்டடங்களின் சாயலில், தலைப்புகளுக்கான தமிழ் ஃபான்ட் வரைகிறேன். 40 எழுத்து முடிந்தது. 247-ம் வரைய வேண்டுமா? படங்களைக் கொடுத்தால் மீதியைத் தானே முடித்து ஃபான்டாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: 247 வேண்டாம். துணைக்கால், கொம்பு, புள்ளியெல்லாம் ஒருமுறை வரைந்தால் போதும். உகர, ஊகார வரிசையில்தான் தப்பிக்க வழியில்லை. கு ஒரு விதம், சு ஒரு விதம், நு ஒரு விதம். 36-ஐயும் தனித்தனியே வரைய வேண்டும். மொத்தம் 80-ஐ ஒட்டி வரும். கி, கீ வரிசையையும் தனியாக வரைந்தால் 110. வரைந்துவிடுங்கள், பெரிய தலைப்பில் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

ப, ட, ம என்றுதான் ஆரம்பித்திருப்பீர்கள். அந்தக் காலக் கட்டடங்களில் சன்னலுக்கு மேல் ஓடும் மூன்று கோட்டுப் பட்டை 'ப'வுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். அதையே 'ண'வில் போட்டால் சுழிக்குள் மை அடைத்துவிடும். ண, ஞ, இ, ழூ நான்கையும் முதலில் வரையுங்கள். தாங்கவில்லையா, இரண்டு கோடாகக் குறையுங்கள்.

1940-களின் சாயல் என்பதால் ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை போட்ட ணை, லை, ளை, னையும், சுழித்த ணா, றா, னாவும் ஆக 7 உருவங்கள் இதற்கு அழகாகப் பொருந்தும். ஆனால் மாற்று வடிவமாக மட்டும் வையுங்கள். இயல்பாக வருவது புதிய வடிவமாகவே இருக்கட்டும். இன்றைய பிள்ளைகள் பழைய 'னை'யைப் பார்த்தால் திகைப்பார்கள். அதற்கென்று தனிக் கணினிக் குறியீடு கொடுத்துவிடாதீர்கள். விசைப்பலகையில் அடிப்பது அதே 'னை', மாறுவது தோற்றம் மட்டுமே.

இப்போது உங்கள் ஆள். இந்த வேலையில் பலர் செய்வது, ஆங்கில விசைகளின் மேல் தமிழ்ப் படத்தை ஒட்டுவது. பாமினி என்ற பழைய ஃபான்ட் முறையில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். போஸ்டரில் அழகாக இருக்கும். வாட்ஸப்பில் ஒட்டினால் குப்பை. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுதான் என்று 2010-லேயே அரசாணை வந்தாயிற்று. இன்னமும் அச்சகத்துக்குப் போனால் "பழசுலயே குடுங்க சார்" என்கிறார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இன்னொரு கூட்டம், திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபான்டில் நாலு முனையை வெட்டி உங்கள் பெயரைப் போட்டுத் தரும். அதைச் சொந்தச் சரக்கென்று விற்றால் மாட்டுவது நீங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் 'கொ, கௌ, ணூ, டீ' நான்கை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள். அதில் அடித்ததை நகலெடுத்து உங்கள் கைபேசியில் ஒட்டுங்கள். தமிழாக வராவிட்டால் படங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.