ஒரு வேலை தள்ளிப்போனால் அடுத்தது நகரவில்லையா?

வடிவமைப்பு ஒரு வாரம் தள்ளிப்போயும் அடுத்துள்ள சோதனை வேலையின் தேதி அசையவில்லை என்கிறீர்கள். திட்ட அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் இது வழக்கமான தலைவலிதான். 2010 பதிப்பிலிருந்து புது வேலைகள் இயல்பாக 'மேனுவல்' முறையில்தான், அதாவது தேதி தானாக நகராத முறையில்தான், உருவாகும். 'டாஸ்க் மோட்' பத்தியில் குண்டூசிப் படம் தெரிகிறதா? அதுதான் காரணம். எல்லா வேலைகளையும் தேர்ந்தெடுத்து 'ஆட்டோ ஷெட்யூல்' கொடுங்கள். அப்புறம் 'ப்ரிடிசசர்ஸ்' பத்தியில் முந்தைய வேலையின் வரிசை எண்ணைப் போடுங்கள்.

தொடக்கத் தேதியை மட்டும் கையால் தட்டாதீர்கள். தட்டினால் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இந்த வேலை முன்னால் வராது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தேதிகள் சரியானதும் பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இப்போதைய திட்டத்தின் பதிவு, ஒன்றைச் சேமித்துவிடுங்கள். அடுத்த தாமதம் எத்தனை நாள் என்று மேலாளர் கேட்டால் அதைக் காட்டலாம்.